சிலிக்கானுக்கு மாற்று வரும்வரை கணினி வாங்காமல் காத்திருக்கலாமா?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வருகிறேன். என் தந்தையார் காலத்தில் தட்டச்சுப்பொறிகள் மட்டுமே இருந்தன, இப்போது சி.ஓ.ஏ. எனப்படும் அலுவலகக் கணினிப் பயன்பாட்டுச் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காக 20 கணினிகளும் உள்ளன. அனைத்தும் 2016இல் வாங்கியவை. விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டது, எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். ஆனால் சிலிக்கான் காலம் முடிந்துவிட்டதாகவும், கிராஃபீன், காலியம் நைட்ரைடு முதலிய புதிய பொருள்களால் ஆன கணினிகள் மூன்று நான்கு ஆண்டுகளில் பாதி விலைக்கு வந்துவிடும் என்றும் ஒரு காணொளியில் பார்த்தேன். பொறியியல் படிக்கும் என் தம்பி மகனும் அதையே சொல்கிறான். கடன் வாங்கித்தான் நான் மாற்ற வேண்டும். காத்திருப்பது புத்திசாலித்தனமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

அந்தக் காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். 20 கணினிகளையும் மாற்றுவதா, சிலவற்றை மட்டும் மாற்றுவதா என்பது தனிக் கணக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம். புதிய பொருள் வந்து கணினி விலையைப் பாதியாக்கும் என்று காத்திருந்தால், உங்களுக்குப் பிறகு பயிலகத்தை நடத்தப்போகிறவரும் காத்துக்கொண்டுதான் இருப்பார். சில்லு உற்பத்திச்சாலைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் தம்பி மகன் எதிர்க்கேள்வி கேட்காமல் விடமாட்டார்.

முதலில் ஒரு சிறு கணக்கு. இன்று சில்லுகள் செய்யப்படும் சிலிக்கான் தட்டு, நாங்கள் வேஃபர் என்று சொல்வது, 30 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. வீட்டில் நாம் சாப்பிடும் எவர்சில்வர் தட்டின் அளவு. அதன் பரப்பு ஏறக்குறைய 70,700 சதுர மில்லிமீட்டர். ஒரு சாதாரண மடிக்கணினியின் செயலிக்கு (பிராசஸர்) 100 சதுர மில்லிமீட்டர் இடம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வட்ட விளிம்பில் வீணாவது போக ஒரு தட்டில் 600க்குக் குறையாத சில்லுகள் தேறும். எதுவும் செய்யப்படாத வெறும் தட்டின் விலையை 100 டாலர் என்றும், டாலரை 90 ரூபாய் என்றும் கொள்ளுங்கள். ஒரு செயலிக்குள் இருக்கும் சிலிக்கானின் விலை 15 ரூபாய் வருகிறது. உங்கள் ஊர்க் கடையில் ஒரு டீயின் விலை. சிலிக்கானுக்கு மாற்றாக வரும் பொருளை யாராவது இலவசமாகவே கொடுத்தாலும், ஒரு கணினியில் உங்களுக்கு மிச்சமாவது அந்த ஒரு டீக்காசுதான்.

அப்படியானால் மிச்ச விலை எங்கே போகிறது? அந்தத் தட்டு உற்பத்திச்சாலைக்குள் நுழைந்து வெளியே வருவதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகின்றன. அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடக்கிறது: மேலே ஒரு படலம் பூசுவது, அதில் ஒளியால் வடிவம் பதிப்பது, வேண்டாததை அரித்தெடுப்பது, கழுவுவது, அளந்து பார்ப்பது, மறுபடி பூசுவது. மிக நுண்ணிய வடிவங்களைப் பதிக்கும் எந்திரத்தை உலகில் நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே நிறுவனம்தான் செய்கிறது. அதற்குள் நொடிக்கு 50,000 உருகிய வெள்ளீயத் துளிகள் விழுகின்றன. ஒவ்வொரு துளியையும் லேசர் அடித்து ஆவியாக்க, அதிலிருந்து பிறக்கும் 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளியைக் கொண்டுதான் கோடுகள் வரையப்படுகின்றன. அப்படி ஓர் எந்திரத்தின் விலை 15 கோடி டாலருக்கு மேல். நம் பணத்தில் 1,300 கோடி ரூபாயைத் தாண்டும். இவற்றையெல்லாம் கடந்து வெளிவரும் முன்னணித் தலைமுறைத் தட்டு ஒன்றின் விலையைச் சந்தை ஆய்வாளர்கள் 15,000 டாலருக்கும் மேலாக மதிப்பிடுகிறார்கள். நூறு டாலர் தட்டு பதினைந்தாயிரம் டாலர் ஆவது அதன் மேல் செய்யப்படும் வேலையால். பொருளை மாற்றினால் அந்த வேலை குறைய வேண்டும். அப்போதுதான் விலை குறையும். ஆனால் இதுவரை வந்த ஒவ்வொரு புதுப் பொருளும் வேலையைக் கூட்டத்தான் செய்திருக்கிறது.

சிலிக்கான் எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதை உங்கள் தம்பி மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டனும் செய்து காட்டிய முதல் டிரான்சிஸ்டர், அதாவது சில்லுக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் நுண்ணிய விசை, சிலிக்கானால் ஆனதன்று, ஜெர்மானியத்தால் ஆனது. அதில் எலக்ட்ரான்கள் சிலிக்கானில் ஓடுவதைவிட வேகமாக ஓடும். உருக்குவதற்கும் குறைந்த வெப்பம் போதும். வேகத்தை மட்டும் பார்த்திருந்தால் இன்றைக்கும் ஜெர்மானியமே கோலோச்சிக்கொண்டிருக்கும். ஆனால் அது சூடு தாங்காது. அதைவிட முக்கியமாக, அதன் ஆக்சைடு தண்ணீரில் கரைந்துவிடும். சிலிக்கானின் மேல் படியும் துருவோ கண்ணாடி. உலையில் வைத்து ஆக்சிஜனைச் செலுத்தினால் தன்மேல் தானே ஒரு கண்ணாடிப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும். அது கரையாது, மின்சாரத்தைக் கசியவிடாது, தேவையான இடத்தில் மட்டும் அரித்துத் திறந்துகொள்ளலாம். 1950களின் இறுதியில் இந்தப் போர்வையைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஒரே தட்டில் பல டிரான்சிஸ்டர்களைச் சேர்த்துச் செய்யும் தொழில் பிறந்தது. வேகமான பொருளை வேலைக்கு வசதியான பொருள் வென்ற கதை அது. மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை: பூமியின் மேலோட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் சிலிக்கான்தான். (உங்கள் ஊருக்கு அருகிலுள்ள மேட்டூரிலேயே 1980களில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு பாலிசிலிக்கான் என்ற தூய சிலிக்கானைத் தயாரித்திருக்கிறார்கள்.)

வேகமான பொருளை நம்பி இறங்கியவர்களின் கதைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மீக்கணினிகளின் (சூப்பர் கம்ப்யூட்டர்) தந்தை என்று போற்றப்படும் சேமூர் கிரே, தன் மூன்றாம் தலைமுறைக் கணினியான கிரே-3இன் சில்லுகளைக் காலியம் ஆர்சனைடில் செய்வதென்று முடிவெடுத்தார். எலக்ட்ரான்கள் அதில் சிலிக்கானில் ஓடுவதைவிடப் பல மடங்கு எளிதாக ஓடும் என்பது உண்மை. இந்த வேலைக்காகவே 1989இல் தனி நிறுவனமாகப் பிரிந்து கொலராடோ ஸ்பிரிங்ஸில் அமர்ந்தார். 1993இல், போல்டர் நகரிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வு மையத்துக்கு ஒரே ஒரு கிரே-3 போய்ச் சேர்ந்தது. 1995 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. இடைப்பட்ட ஆண்டுகளில், மேசைக் கணினிகளுக்காகக் கோடிக்கணக்கில் செய்யப்பட்ட சாதாரண சிலிக்கான் செயலிகளை ஒன்றோடொன்று இணைத்தே பெருங்கணக்குகளைப் போட முடியும் என்ற நிலை வந்திருந்தது. எங்கள் தொழிலில் ஒரு பழைய கிண்டல் உண்டு: காலியம் ஆர்சனைடு எதிர்காலத்தின் பொருள், எப்போதும் எதிர்காலத்தின் பொருளாகவே இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலியம் ஆர்சனைடு தட்டுகளைக் கையாளும் பிரிவில் சில மாதங்கள் இருந்தேன். சிலிக்கான் தட்டைப் பிடிக்கும் பழக்கத்தில் இடுக்கியால் ஒன்றைத் தூக்கினேன். காய்ந்த அப்பளம் போல நேர்கோட்டில் இரண்டாகப் பிளந்தது. மேற்பார்வையாளர் கோபிக்கவில்லை, பெருக்குமாறை மட்டும் கையில் கொடுத்தார். அந்தப் பிரிவில் வாரத்துக்கு இத்தனை தட்டுகள் உடையும் என்பதற்கே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு பொருளின் மின்குணங்களைப் பட்டியலிடும் எந்த அட்டவணையிலும் அது எவ்வளவு எளிதில் உடையும் என்ற பத்தியை நான் கண்டதில்லை. உற்பத்திச்சாலையின் லாப நட்டத்தை எழுதுவதோ அந்தப் பத்திதான்.

இதனால் காலியம் ஆர்சனைடு தோற்றுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்குரிய இடத்தில் அது அமோகமாக விற்கிறது: உங்கள் கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலையைப் பெருக்கும் சிறு சில்லு பெரும்பாலும் அதனால் ஆனதுதான். காணொளியில் நீங்கள் கேட்ட காலியம் நைட்ரைடும் அப்படியே. நீல நிற எல்.இ.டி. விளக்கைச் சாத்தியமாக்கியது அது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது கைக்கடக்கமான வேக சார்ஜர்களிலும் அதுவே இருக்கிறது. மின்சார வாகனங்களில் சிலிக்கான் கார்பைடு. இவை இரண்டும் அதிக மின்னழுத்தத்தைத் தாங்கி, குறைந்த இழப்போடு மின்சாரத்தைத் திருப்பிவிடும் வேலைக்கு ஏற்றவை. கணக்குப் போடும் வேலை வேறு. சார்ஜருக்குள் இருக்கும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்; செயலிக்கு நூற்றுக்கணக்கான கோடிகள் வேண்டும், அத்தனையும் ஒன்றுபோல வேலை செய்யவும் வேண்டும். வேற்றுப் பொருளின் மேல் வளர்க்கப்படும் காலியம் நைட்ரைடுப் படலத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் கோடிக்கணக்கான படிகக் குறைகள் இருப்பது சாதாரணம். விளக்கு அதைப் பொறுத்துக்கொண்டு எரிகிறது.

படிகம் வளரும் வேகத்தையும் பாருங்கள். 1,414 டிகிரியில் உருகிய சிலிக்கானிலிருந்து படிகத்தண்டை நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் மேலே இழுக்கலாம். அது ஆளுயரத்துக்கு வளரும். சிலிக்கான் கார்பைடை 2,000 டிகிரிக்கு மேல் ஆவியாக்கிப் படியவைக்க வேண்டியிருக்கிறது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை. காலியத்துக்கோ வேறொரு சிக்கல். அது தனியாக வெட்டி எடுக்கப்படுவதில்லை, பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும்போது உபரியாகக் கிடைக்கிறது. உலகின் முதல்நிலைக் காலியம் உற்பத்தியில் மிகப் பெரும்பகுதி சீனாவின் கையில். 2023 ஆகஸ்டு முதல் அதன் ஏற்றுமதிக்கு அந்நாடு உரிமம் கட்டாயமாக்கியது. மலிவான எதிர்காலத்துக்கு இது நல்ல அடித்தளமாக எனக்குத் தோன்றவில்லை.

ஓர் அணு தடிமனே உள்ள கரிப்படலமான கிராஃபீனைப் பொறுத்தவரை, 2004இல் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் கிராஃபைட்டிலிருந்து அதை உரித்தெடுத்தது முதல் இந்த எதிர்பார்ப்பு இருக்கிறது. ஆனால் இயல்பான கிராஃபீனுக்கு ஆற்றல் இடைவெளி கிடையாது. அதாவது அதை ஒரு குழாய் என்று கொண்டால், முழுக்க மூட முடியாத குழாய். கணினியின் வேலையே திறப்பதும் மூடுவதும் என்பதால், எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும் மூட முடியாத குழாயால் பயனில்லை. சிலிக்கான் கார்பைடின் மேல் வளர்த்த ஒரு வகைக் கிராஃபீனில் இடைவெளியை உருவாக்கியதாக ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். நல்ல அறிவியல், காணொளிக்காரர்கள் பிடித்துக்கொண்டது அநேகமாக இதைத்தான்.

எனக்கு உண்மையிலேயே ஆர்வமூட்டுவது வேறொன்று. சில அணுக்கள் தடிமனே உள்ள மாலிப்டினம் டைசல்ஃபைடு படலத்தைக் கொண்டு, ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகத்தினர் 2025இல் ஒரு முழுச் செயலியையே செய்து காட்டினார்கள். அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள் 5,900. நம் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் ஆய்வகப் பயிற்சிக்கு வைத்திருக்கும் இன்டெல் 8085ஐ உங்கள் தம்பி மகன் தொட்டிருப்பார். 1976இல் வந்த அந்தச் சில்லில் 6,500 டிரான்சிஸ்டர்கள். 2020இல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் 1,600 கோடி. புதுப் பொருள் எந்த வகுப்பில் படிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். சிலிக்கானுக்கு இந்தத் தூரத்தைக் கடக்க நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பின்னால் வருகிறவருக்குப் பாதை தெரியும் என்பதால் அவ்வளவு காலம் ஆகாது. அதற்காக மூன்று நான்கு ஆண்டுகளும் இல்லை.

உண்மையில் புதிய பொருள்கள் சத்தமில்லாமல் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் சிலிக்கானைத் துரத்திவிட்டு வரவில்லை, குழம்பில் பெருங்காயம் போல அதற்குள்ளேயே கரைந்து வருகின்றன. 1997இல் ஐபிஎம் அலுமினியக் கம்பிகளுக்குப் பதிலாகத் தாமிரத்தை அறிவித்தது. 2003இல் இன்டெல் சிலிக்கானோடு ஜெர்மானியத்தைச் சேர்த்து டிரான்சிஸ்டரை அழுத்தி வேகப்படுத்தியது. ஓரங்கட்டப்பட்ட ஜெர்மானியம் அரை நூற்றாண்டுக்குப் பின் பின்வாசல் வழியே திரும்பியது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 2007இல் அதே நிறுவனம், டிரான்சிஸ்டரின் வாயிலில் அதுவரை இருந்த கண்ணாடிப் படலத்தின் இடத்தில் ஹாஃப்னியம் சேர்ந்த படலத்தைக் கொண்டுவந்தது. உங்கள் 2016ஆம் ஆண்டுக் கணினிகளிலும் ஹாஃப்னியம் இருக்கிறது. வாங்கும்போது கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். பில்லிலும் அது தெரிந்திருக்காது.

இந்த நுழைவுகள் ஒவ்வொன்றுக்கும் பல ஆண்டு உழைப்பு தேவைப்பட்டதற்குக் காரணம் பயம். தாமிர அணுக்கள் சிலிக்கானுக்குள் மிக எளிதாக ஊடுருவி டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில், தாமிரம் பட்ட தட்டுகளை ஏந்தும் பெட்டிகளுக்குத் தனி நிறம் உண்டு. ஒரு நாள் இரவுப் பணியில் ஒரு பெட்டி நிறம் மாறித் தவறான எந்திரத்துக்குப் போய்விட்டது. அந்த எந்திரத்தைக் கழுவி, சோதனைத் தட்டுகளை ஓட்டி, மறுபடி நம்பிக்கைக்குக் கொண்டுவர ஐந்து நாள்கள் ஆயின. அதற்குள் அதன் வழியே கடந்துபோன தட்டுகள் அனைத்தும் குப்பைக்குப் போயின. ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் முதலீட்டில் ஓடும் ஆலைக்குள் ஒரு புதுத் தனிமத்தோடு வரும் ஆராய்ச்சியாளரை உற்பத்தி மேலாளர் எப்படிப் பார்ப்பார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கணினியின் விலை ஏறி இறங்குவது எதனால்? உங்கள் சொந்த அனுபவத்திலேயே விடை இருக்கலாம். 2011இல் தாய்லாந்தில் வெள்ளம் வந்தபோது ஹார்டு டிஸ்க் விலை எகிறியது நினைவிருக்கும். உலகின் கணிசமான ஹார்டு டிஸ்க் ஆலைகள் அங்கே நீரில் மூழ்கின. இப்போது நடப்பது அதைவிடப் பெரிய நெருக்கடி. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்குத் தேவைப்படும் உயர்வேக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், நினைவகச் சில்லு நிறுவனங்கள் தம் ஆலைகளின் கொள்ளளவை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. அதனால் 2025இன் பிற்பகுதியில் சாதாரண ரேமின் விலை கிடுகிடுவென ஏறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குருஷியல் வணிகத்திலிருந்தே விலகுவதாக அறிவித்துவிட்டது. எஸ்.எஸ்.டி.யும் இதே காரணத்தால் விலை ஏறுகிறது. இவற்றோடு டாலருக்கு எதிரான ரூபாயின் சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எதிலும் ஒரு புதிய குறைக்கடத்திப் பொருளுக்குப் பங்கில்லை.

நீண்டகாலத்தில் விலை எப்படிப் போகும் என்பது பற்றி என் கணிப்பையும் சொல்லிவிடுகிறேன். முன்பு தலைமுறைக்குத் தலைமுறை ஒரு டிரான்சிஸ்டரின் விலை தானாகவே சரிந்தது. அந்தச் சரிவு கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தளர்ந்துவிட்டது. புதிய தட்டுகளின் விலை ஏறுவதால், செயலியைப் பல துண்டுகளாகப் பிரித்து, வேகம் தேவைப்படும் துண்டை மட்டும் விலையுயர்ந்த முறையில் செய்து, மற்றவற்றைப் பழைய மலிவான முறையில் செய்து ஒட்டுகிறார்கள். செயலி நிறுவனமான ஏஎம்டி 2019 முதல் மேசைக் கணினிச் செயலிகளிலும் இதைச் செய்கிறது. ஆகவே அதே விலைக்குக் கூடுதல் திறன் கிடைப்பது மெதுவாகத் தொடரும். அதே திறன் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புதிய பொருள்களின் பயனை முதலில் காணப்போவது தரவு மையங்களின் மின்கட்டணம்தான் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் 20 கணினிகள். 2016இல் வாங்கியவை என்றால் இன்டெல்லின் ஆறாம் தலைமுறையாகவோ அதற்கும் முந்தையதாகவோ இருக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது என்று கடைக்காரர் சொன்னதும் சரியே. ஆனால் அவர் சொல்லாத ஒன்று உண்டு: ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடுவதில்லை, வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள்தான் வராது. இணையமே தேவைப்படாத தட்டச்சுப் பயிற்சிக்கு, இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பத்துக் கணினிகளை அப்படியே ஓட்டலாம். கட்டணக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், மாணவர் விவரம், வங்கி வேலை ஆகியவை நடக்கும் கணினியை மட்டும் தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றிவிடுங்கள். அதில் விளையாட வேண்டாம். தேர்வுப் பயிற்சிக்கு உரிய மற்றவற்றுக்கு, பெரிய அலுவலகங்கள் குத்தகை முடிந்து விற்கும் எட்டாம் தலைமுறைக்குப் பிந்தைய மேசைக் கணினிகளை, ஓராண்டு உத்தரவாதத்தோடு தருபவரிடம் பாருங்கள். உங்களிடம் இருக்கும் திரைகளையும் விசைப்பலகைகளையும் அவற்றில் பொருத்திக்கொள்ளலாம். 20க்கும் சேர்த்துக் கடன் வாங்க நான் சொல்லமாட்டேன்.

பழையவற்றைக் கழிக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கடைக்காரர் அவற்றை மொத்தமாக எடுத்துக்கொண்டு ஒரு தொகை தருவதாகச் சொல்வார். அதற்கு முன் பெட்டிகளைத் திறந்து, ரேம் அட்டைகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜி.பி. அட்டைகளாக இருந்து, தாய்ப்பலகையில் இரண்டாவது பொருத்துவாயும் காலியாக இருந்தால், கழித்த கணினியின் அட்டையை நிறுத்திவைத்த கணினியில் செருகி 8 ஜி.பி. ஆக்கலாம், ஒரே வருடத்தில் ஒரே மாடலாக வாங்கியவை என்றால் பொருந்துவதில் சிக்கல் வராது. இன்றைய ரேம் விலையில், பழைய இரும்புக் கணக்கில் அவற்றைக் கொடுத்துவிடக் கூடாது. உங்கள் தம்பி மகனுக்கு இது அரைநாள் வேலை.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்